அறக்கோட்டமும் அடுத்த நாளும்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்றொரு காதை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்குள் புகுந்த மணிமேகலை, அமுதசுரபியைக் கொண்டு அங்கிருந்தோரின் பசியைத் தீர்க்கிறாள். வேண்டுவது யாதென மன்னன் வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்குமாறு கேட்கிறாள். மன்னனும் இசைகிறான். சிறையைச் சீர்திருத்தும் எண்ணம் மேனாட்டார் நமக்குக் கற்பித்தது அன்று என்பதற்கு இக்காதையை வகுப்பறையில் சான்று காட்டி நாம் மகிழ்வதுண்டு.

ஆயினும், காப்பியம் நிறைவுறும் இடத்தில் நம் காலத்து வினா தொடங்குகின்றது. சிறைவாயிலைக் கடந்து வெளியே வரும் ஒரு பெண், அடுத்த நாள் உணவுக்கு என் செய்வாள்?

நாம் அறிந்த பெண்மணி ஒருவர் ஈராண்டுகள் சிறையில் இருந்து மீண்டவர். தையற்கலையை அங்கே செவ்வனே கற்றிருந்தார். கற்றமைக்குச் சான்றிதழும் பெற்றிருந்தார். வெளியே வந்து தையலகம் ஒன்றில் வேலை கேட்கச் சென்றபோது அச்சான்றிதழை அவர் எடுத்துச் செல்லவில்லை. அதன் தலைப்பில் சிறையின் பெயர் இருந்ததே காரணம். வீட்டிலேயே பழகியதாகக் கூறினார். பயிற்சியில்லாதவர் எனக் கருதப்பட்டுக் குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்டார். கற்ற தொழில் கையில் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளும் உரிமைதான் இல்லை. சிறையில் பெண்களுக்குத் தொழில் கற்பிக்கப்படுகிறதா என்று கேட்பது மட்டும் போதாது, அத்தொழில் வாயிலுக்கு வெளியே செல்லுபடியாகுமா என்றும் கேட்டல் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சியே நமக்கு உணர்த்திற்று.

2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த ஐந்தே முக்கால் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோருள் பெண்கள் ஏறத்தாழ 24,000 பேர். அதாவது நூற்றுக்கு நால்வர். தொகை சிறிது என்பதே அவர்களுக்குக் கேடாகின்றது. பெருந்தொகையினரான ஆண்களை மனத்தில் கொண்டே தொழிற்கூடங்களும் இயந்திரங்களும் திட்டமிடப்படுகின்றன. பெண்கள் பகுதிக்குத் தையலும் பூவேலையும் போதும் என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகின்றது. தையல் தாழ்ந்த தொழில் அன்று. ஆனால் அது ஒன்றே எல்லாப் பெண்களுக்கும் உரிய தொழில் என்று முடிவு செய்தவர் யார்?

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. அப்பெண்களுள் நான்கில் மூன்று பங்கினர் தண்டனை பெற்றவர் அல்லர். விசாரணைக் கைதிகளே ஆவர். உழைக்க வேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இல்லை. பயிற்சித் திட்டங்களோ பெரும்பாலும் நீண்டகாலம் இருக்கும் தண்டனைக் கைதிகளை எண்ணியே வகுக்கப்படுகின்றன. பிணை என்று கிடைக்கும் என்பது விசாரணைக் கைதிக்குத் தெரியாது. ஒரு மாலையில் ஆணை வந்தால் புறப்பட வேண்டியதுதான். ஆறு திங்கள் பயிற்சியில் நான்காம் திங்களில் விடுதலையாகும் ஒருத்தி வெறுங்கையோடு திரும்புகிறாள். ஆகவே பயிற்சியைப் பத்து நாள், பதினைந்து நாள் என்னும் சிறு பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சான்று வழங்குதல் வேண்டும். எஞ்சிய பகுதியை வெளியே உள்ள பயிற்சி நிலையத்தில் அவர் தொடர இயலுதல் வேண்டும். அச்சான்றிதழை அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற பொது நிறுவனமே வழங்குதல் நலம். சிறை என்ற சொல் அதில் எங்கும் இடம்பெறலாகாது.

இவை புதுமையான கோரிக்கைகள் அல்ல. பெண் கைதிகளின் நிலையை ஆராய்ந்த நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் குழு 1987இல் தன் அறிக்கையை அளித்தது. சிறையில் உழைப்போர்க்கு நியாயமான கூலி வழங்கப்பட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1998இல் வலியுறுத்தியது. பெண் கைதிகளுக்கென ஐக்கிய நாடுகள் பொது அவை 2010இல் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள், விடுதலைக்கு முன்னும் பின்னும் சிறை நிருவாகமும் சமூக அமைப்புகளும் கைகோத்துச் செயற்பட வேண்டும் என்கின்றன. ஏடுகளில் குறைவில்லை, கைகோக்க முன்வரும் கைகளே குறைவு.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2023ஆம் ஆண்டு சென்னைப் புழலில் சிறைத்துறையின் சார்பில் பெண் கைதிகளே பணிபுரியும் பெட்ரோல் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே அவர்கள் கற்பது எரிபொருள் நிரப்பும் வேலை மட்டுமன்று. முன்பின் அறியாதவர் முன் நிமிர்ந்து நிற்றல், பணம் பெறுதல், கணக்கு ஒப்புவித்தல் ஆகியவற்றையும் கற்கின்றனர். வெளியுலகை எதிர்கொள்ளும் துணிவே வேறு எத்தொழிலுக்கும் முதற்படி அன்றோ?

தொழிலைத் தேர்கையில், அப்பெண் திரும்பிச் செல்லும் ஊரையும் நோக்குதல் வேண்டும். வேலூரில் பெண்களுக்கெனத் தனிச்சிறை உள்ளது. அதனைச் சூழ்ந்த ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்கள் பணிபுரிகின்றனர். அவ்வூர்களுக்குத் திரும்பும் பெண் தோல் தைக்கும் இயந்திரத்தை இயக்கக் கற்றிருந்தால், தொழிற்சாலை வாயில் அவருக்குத் திறக்கும். சிற்றூருக்குத் திரும்புபவருக்குக் கறவை மாடு வளர்ப்பும் வரவுசெலவுக் கணக்கும் பயன்படலாம். கைக்குழந்தையோடு சிறையில் இருக்கும் தாய்மாரும் உளர்; பயிற்சி வேளையில் அக்குழந்தையைப் பேண ஏற்பாடு இல்லையேல், எத்துணைச் சிறந்த பயிற்சியும் அவர்க்கு எட்டாக் கனியே. குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றை விடுதலைக்கு முன்பே செம்மை செய்து தருதலும் இன்றியமையாதது. 1989இல் தருமபுரியில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், திரும்பி வரும் சகோதரிக்கும் ஓர் இடம் ஒதுக்கலாகாதா?

அரசு செய்யட்டும் என்று சொல்லி நாம் அமைந்துவிட முடியாது. இம்மலரைப் படிக்கும் பெரியோர் பலர் ஜமாஅத்தில் பொறுப்பு வகிப்பவர்கள். தொழிற்சாலைகளும் கடைகளும் நடத்துபவர்கள். ஆண் ஒருவன் சிறையிலிருந்து மீண்டால் காலம் அவனை மன்னித்துவிடுகின்றது. பெண்ணுக்கு அம்மன்னிப்பை நம் தெருக்கள் எளிதில் வழங்குவதில்லை. வழக்கில் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவருக்கும் வழங்குவதில்லை. எத்தகைய பயிற்சியும் இறுதியில் ஒரு முதலாளியின் 'நாளை முதல் வேலைக்கு வாருங்கள்' என்ற சொல்லில்தான் முழுமை பெறும். அச்சொல்லைக் கூற, நூறு பேர் பணிபுரியும் நிறுவனத்தில் ஓர் இடம் போதும்.

மாணவச் செல்வங்களே! உரிய ஒப்புதல் பெற்று, எழுத்தறியாப் பெண் கைதிகளுக்குத் தமிழ் எழுத்தும் கையொப்பமும் கற்பிக்க நீங்கள் செல்லலாம். படித்தறியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து ஏமாறாதிருக்க அதுவே முதற்கருவி.

சிறையை அறக்கோட்டமாக்கும் ஆணை மன்னனிடம் இருந்தது. விடுதலையின் அடுத்த நாளை அறத்தின் நாளாக்கும் ஆற்றல் நம்மிடமே இருக்கின்றது. அதனை நாம் மேற்கொள்வோமாக!