ஒரு பாட்டும் இரு துயரும்

இருண்ட பாட்டுக்கள் இளைஞர் உள்ளத்தைக் கெடுக்கும் என்பர் ஆசிரியர் பலர். யானும் அவ்வாறு கூறியவனே. சில ஆண்டுகளுக்கு முன் மாணவனொருவன் மேனாட்டுப் பாட்டொன்றைக் கேட்பித்தான். “இஃது இசையன்று, இரைச்சல்” எனப் பாதியிலே நிறுத்துவித்தேன். அதன்பின் அவன் எப்பாட்டையும் என்னிடங் கொணர்ந்திலன்.

அப்பாட்டின் பெயர் ‘ஹேர்ட்’. நோவு எனப் பொருள் கொள்ளலாம். அமெரிக்காவின் ‘நைன் இஞ்ச் நெயில்ஸ்’ என்னும் றொக் இசைக்குழுவின் தலைவர் ட்ரென்ட் றெஸ்னர் இயற்றிப் பாடியது. 1994 இல் வெளிவந்த ‘த டவுன்வேட் ஸ்பைரல்’ என்னும் இசைத்தொகுப்பின் ஈற்றில் நிற்பது. தன்னையே வெறுத்த ஓர் இளைஞனின் கூற்றாக அமைந்த அதில், குரல் முணுமுணுப்பாய்த் தொடங்குகின்றது. கிற்றார் வேண்டுமென்றே இணங்காச் சுரங்களை ஒலிக்கின்றது. முடிவிற் பேரோசை யொன்று எழுந்து நெடிது நிற்கின்றது.

அத்தொகுப்பு உருவான வரலாறும் நோக்கத்தக்கது. 1969 இல் நடிகை ஷரன் டேற்றும் வேறு நால்வரும் கொலையுண்ட லொஸ் ஏஞ்சல்ஸ் வீட்டை வாடகைக்கு அமர்த்தி, அங்கே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார் றெஸ்னர். தன் சகோதரியின் சாவைக் கொண்டு பயன் தேடுகின்றாரோ என அந்நடிகையின் தங்கை வினவியபோது தம் பிழை தமக்கு உறைத்ததென அவரே பின்னர்க் கூறியுள்ளார். பிறர் துயரை அணிகலனாகப் பூணுதல் வேறு. தன் துயரைப் பாட்டாக்குதல் வேறு. இருண்ட கலையில் இவ்விரண்டும் விரவிக் கிடத்தலின், பிரித்தறிதல் ஆசிரியர் கடனாகும்.

அதற்கு உரைகல் யாது? புறக்கோலம் யாவும் களைந்தபின் எஞ்சுவது யாதெனப் பார்த்தலே. இப்பாட்டுக்கு அச்சோதனை 2002 இல் நிகழ்ந்தது. நோயுற்றிருந்த எழுபது வயதுப் பாடகர் ஜோனி காஷ், தயாரிப்பாளர் றிக் றூபின் தூண்ட, இதனைத் தளர்ந்த குரலிற் பாடிப் பதிவு செய்தார். இழிசொல் ஒன்றை நீக்கி ‘முள்’ என்னுஞ் சொல்லைப் பெய்தார். அவ்வளவில் இயேசுபிரானின் முண்முடி நம் கண்முன் தோன்றிற்று. மார்க் றோமனெக் எடுத்த காட்சிப்படத்தில், மூடிக்கிடந்த காஷின் அரும்பொருட் சாலையும் அவர்தம் மனைவியின் கவலை தோய்ந்த முகமும் வருகின்றன. 2003 மே மாதத்தில் மனைவியும், செப்ரெம்பரிற் காஷும் மறைந்தனர். படத்தைக் கண்ட றெஸ்னர், இனி அப்பாட்டுத் தம்முடையதன்று என்னுங் கருத்துப்படப் பேசினார்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களங்கள் வகுத்தார். பிறர் இகழ்தலால் வருவது இளிவு. இவ்விளைஞனோ தன்னைத்தானே இகழ்கின்றான். பண்டை நிலை கெட்டு வருந்துதல் அசைவு. முதியவர் பாடியபோது புலப்பட்டது அதுவே. சொற்கள் ஏறக்குறைய அவையே, நிலைக்களமோ வேறு. ஒருவன் துயரிற் பிறந்த சொல் மற்றொருவன் துயரையுந் தாங்க வல்லதாயின், அதனை வெறும் இருளெனத் தள்ளுதல் தகுமா?

எல்லா இருண்ட பாட்டும் நல்லன என்று யான் வாதிக்க வரவில்லை. வாடகை வீட்டின் அச்சத்தை விற்பனவும் உள. ஆயினும் கேளாமலே தீர்ப்புக் கூறுதல் புலமைக்கு அழகன்று. மாணவனொருவன் அத்தகைய பாட்டைக் கொணர்வானாயின், முழுவதுங் கேட்டபின், “இதில் உன்னைத் தொட்டது எது?” என வினவுதல் வேண்டும். அவன் விடை பாட்டினும் முதன்மையானதாதல் கூடும். அன்று யான் நிறுத்தியது பாட்டை மட்டுமோ, அவன் சொல்லவந்த ஒன்றையுமோ என்னும் ஐயம் இன்றும் என்னை விட்டகலவில்லை.