பேசியவர்கள் பட்டியல்

ஆசிரிய நண்பர்கள் கோபிக்க வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குச் சமூகத் திறன் வளர்க்க வேண்டுமாம். அதற்குப் பயிற்சி முகாம், சிறப்புப் பேச்சாளர், கைதட்டல், குரூப் போட்டோ. நல்லது. ஆனால் ஆசிரியர் வராத பத்து நிமிடத்தில் வகுப்பில் என்ன நடக்கிறது? லீடர் கரும்பலகை முன் நிற்பான். 'பேசியவர்கள்' என்று தலைப்பு. கீழே பெயர்கள். சில பெயருக்குப் பக்கத்தில் 'அடங்கவில்லை'.

பக்கத்தில் இருப்பவனோடு பேசுவது குற்றம். அவனைக் காட்டிக் கொடுப்பது பொறுப்பு. வருடம் முழுக்க நாம் நடத்துகிற பாடம் இதுதான். பிடிக்காதவன் பெயர் ஏறும், மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழியும். அதையும் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.

நானும் செய்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். இரண்டு மாதமாக யாரோடும் பேச்சில்லை. ஒருநாள் பலகையில் அவள் பெயர். விசாரிக்காமல் வெளியே நிற்க வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பக்கத்துப் பிள்ளை "சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறாள், இவள் பதில் சொல்லியிருக்கிறாள். அந்த வருடம் முழுக்க அவள் மறுபடி வாய் திறக்கவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்தல்.

"நாற்பது பேரைப் பேச விட்டால் பாடம் எப்படி நடத்துவது?" என்பீர்கள். பாடம் நடக்கும்போது அமைதி வேண்டும், சரி. ஆனால் அந்தப் பட்டியல் பாடம் நடக்காதபோதுதானே எழுதப்படுகிறது! 2007-ல் செயல்வழிக் கற்றல் வந்து, பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து பேசிப் படித்தபோது, "சந்தைக்கடை" என்று முகம் சுளித்தவர்களும் நாம்தான். 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலையிலும் பந்தி உண்டு. அங்கேயும் "வாயை மூடிச் சாப்பிடு" என்கிறோம். பி.டி. பீரியடையும் கணக்குக்குக் கடன் வாங்கித் திருப்பித் தருவதில்லை. பிறகு எங்கேதான் பழகும் பிள்ளை?

முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக் காலை அந்தத் தலைப்பை அழியுங்கள். லீடருக்கு வேறு வேலை கொடுங்கள்: நேற்று யார் வரவில்லை, அவர்களுக்கு நோட்டுக் கொடுத்தது யார், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துப் போய்ப் பக்கத்தில் உட்காரட்டும்.

காசு செலவில்லை. ஒரு டஸ்டர் போதும்.