தாய்மார்களின் அரை மணி

சகோதரிகளே, சேத்தியாத்தோப்பில் ஒரு கத்தோலிக்கத் தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 53 மணி ஜெபம் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு அவள் கதைப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறாள். "ஜெபப் புத்தகம் இருக்க, இது எதற்கு?" என்று மாமியார் முணுமுணுக்கிறாள்.

வீரமாமுனிவரைத் துணைக்கு அழைக்க வேண்டியதுதான்! இத்தாலியிலிருந்து வந்த அந்தச் சுவாமியார், விருத்தாசலத்துக்கு அருகே கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர். சூசையப்பரின் சரித்திரத்தை 3,615 பாட்டுகளில் தேம்பாவணியாகப் பாடியவர். பரமார்த்த குருவின் கதையை எழுதியவரும் அவரேதான்.

ஆறு விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்த சீடர்களை நினைத்துக்கொண்டு வெள்ளாற்றைக் கடந்தால் சிரிப்பு வராதா? அக்கரை சேர்ந்ததும் தலை எண்ணுகிறார்கள். குருவோடு ஆறு பேர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று ஒரே அழுகை!

வீட்டில் இட்டிலியை எண்ணி வைக்கும்போது நாமும் இப்படித்தானே எண்ணுகிறோம்?

இன்றிரவு இந்தக் கதையைச் சற்று உரக்கப் படியுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மாமியாரே கேட்பாள்.