32ன்னா எந்த 32?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வெறும் எண்ணுக்கு மதிப்பு கிடையாது. "தக்காளி 300" என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வி "கிலோவா, பெட்டியா?" என்பதுதான். அது தெரியாமல் கேரளாவுக்கு ஒரு லோடு கூட கிளம்பாது. அளவு சொல்லாத விலை விலையே இல்லை என்பது அங்கே மூட்டை தூக்குபவருக்கும் தெரியும்.

ஆனால் அதே லோடை ஏற்றிய வண்டி காத்து அடிக்கப் போய் நின்றால்? "முப்பத்திரெண்டு வைங்கண்ணே." அவ்வளவுதான். எந்த 32 என்று யாரும் கேட்பதில்லை. இவ்வளவு கணக்கு பார்க்கிற ஊரில் காற்றுக்கு மட்டும் ஏன் இந்த சலுகை?

அந்த 32 என்பது பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. பவுண்டையும் அங்குலத்தையும் இந்தியா 1956ல் சட்டம் போட்டு வழியனுப்பத் தொடங்கியது. இப்போதுள்ள 2009ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டமும் மெட்ரிக் முறையைத்தான் சொல்கிறது. டயருக்குள் மட்டும் வெள்ளைக்காரன் பவுண்டு பத்திரமாக இருக்கிறது!

இதனால் என்ன நஷ்டம்? கார் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் அதில் 220 கிலோ பாஸ்கல் என்று இருக்கும், சிலவற்றில் 2.2 பார். அதை 32 ஆக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? "எல்லாருக்கும் வைக்கிறதையே வைங்க" என்பார். ஆக, கம்பெனி அந்த வண்டிக்கென்று கணக்கு போட்டுச் சொன்ன அளவு ஸ்டிக்கரிலேயே தங்கிவிடுகிறது. காத்து குறைந்த டயர் அதிகம் நெளியும், நெளிந்தால் சூடாகும். லோடோடு பாச்சலூர், தாண்டிக்குடி பக்கம் மலை ஏறி இறங்கும் வண்டிக்கு இது விளையாட்டு விஷயமில்லை.

இத்தனைக்கும் கணக்கு ரொம்ப சுலபம்:

1 பார் = 100 கிலோ பாஸ்கல் = 14.5 பி.எஸ்.ஐ.
1 கிலோ/சதுர செ.மீ. = 0.98 பார் = 14.2 பி.எஸ்.ஐ.
1 வளிமண்டல அழுத்தம் = 1013 மில்லிபார் = 760 மி.மீ. பாதரசம் = 14.7 பி.எஸ்.ஐ.
1 மில்லிபார் = 1 ஹெக்டோபாஸ்கல் (புயல் செய்தியில் வரும் இரண்டும் ஒன்றுதான்)

மனக்கணக்குக்கு ஒரே ஒரு வழி போதும். கிலோ பாஸ்கலை 7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பி.எஸ்.ஐ. 220ஐ வகுத்தால் 31.4 வரும், சரியான விடை 31.9. காத்து அடிக்க இது தாராளம். டாலர் ரேட் மாதிரி தினமும் பேப்பர் பார்க்கவும் வேண்டாம். ஒருமுறை மனப்பாடம் செய்தால் ஆயுசுக்கும் மாறாது.

டாக்டர் சொல்லும் 120க்கு 80 மி.மீ. பாதரசத்தில். அந்த 120ஐ மாற்றினால் 16 கிலோ பாஸ்கல், வெறும் 2.3 பி.எஸ்.ஐ.! பிரான்சில் டாக்டர்கள் இதையே 12க்கு 8 என்பார்கள், அங்கே கணக்கு சென்டிமீட்டரில். பாரிசிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் "பிரஷர் 12" என்றால் பதற வேண்டாம், 120தான்.

பெருக்கி வகுப்பதோடு விஷயம் முடியவில்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். பஞ்சரான டயரில் கேஜ் பூஜ்யம் காட்டும். உள்ளே காற்றே இல்லையா? இருக்கிறது, வெளியே உள்ள அதே 14 சொச்சம். கேஜ் காட்டுவது லாபத்தை மட்டும்தான், முதல் அதில் சேராது. டயர், குக்கர், ரத்த அழுத்தம் எல்லாம் லாபக் கணக்கு. வானிலை அறிக்கையில் வருவது முதல் கணக்கு.

இந்த முதல் ஊருக்கு ஊர் மாறும். 1648ல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பிரான்சில் ஒரு மலைமேல் பாதரசக் குழாயைக் கொண்டு போய் மட்டம் மூன்று அங்குலம் இறங்குவதைக் காட்டினார். இங்கே அதற்குக் கொடைக்கானல் போகும் வேனில் ஒரு சிப்ஸ் பாக்கெட் போதும், மேலே போகப் போக அது உப்பிக்கொண்டே வரும். சுமார் 2100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று 780 மில்லிபார் அளவுதான், அதாவது 11.3 பி.எஸ்.ஐ. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் படுத்துவது இதனால்தான்.

அப்படியானால் டயரில் கேஜ் 3 கூடக் காட்ட வேண்டுமே? வெளிக்காற்று குறைந்ததில் 3 கூடும், உண்மை. ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் அந்தக் குளிரில் டயர் ஆறியதும் கிட்டத்தட்ட அதே 3 குறையும். கேஜ் பழைய 32யே காட்டும். ஒன்றுமே மாறாதது போல இருக்கும், ஆனால் இரண்டு மாற்றங்கள் ஒன்றையொன்று கழித்திருக்கின்றன. பாலன்ஸ் ஷீட் படித்தவர்களுக்கு இது புதிதல்ல :-)

அதற்காக நாளையே எல்லாரும் பாஸ்கலுக்கு மாற வேண்டும் என்பதில்லை. அப்படி அடம் பிடித்தால் நடக்காது. மி.மீ. பாதரசத்தை விட டாக்டர்களுக்கும் மனசு வராது. தேவை இரண்டே இரண்டு. ஒன்று, காத்து அடிக்கும் இடங்களில் பி.எஸ்.ஐ., பார், கிலோ பாஸ்கல் மூன்றும் பெரிய எழுத்தில் ஒரு போர்டில் இருக்க வேண்டும். ஒரு பெயிண்டருக்கு அரை நாள் வேலை. இரண்டு, பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கை டயரையும் குக்கரையும் வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

தக்காளிக்குக் கேட்கிற கேள்வியைக் காற்றுக்கும் கேட்கலாம். நாலு டயரை நம்பித்தானே அந்தத் தக்காளியும் போகிறது, ஓட்டுகிறவரும் போகிறார்.