நான்கு சக்கர விசையும் நல்ல டயரும்

சென்னை அருகே உள்ள ஆலையில் பாகங்கள் பூட்டப்பட்டு 2021இல் வந்த பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ், 387 குதிரைத்திறனை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் கார். கந்தர்வக்கோட்டையில் அதை அன்றாட வண்டியாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அழகுக்காகப் பெரிய வீல் வேண்டவே வேண்டாம். தஞ்சாவூர்–புதுக்கோட்டை நெடுஞ்சாலையை விட்டு முந்திரிக்காட்டுச் செம்மண் பாதையில் இறங்கினால், பக்கச்சுவர் உயர்ந்த டயர்தான் ரிம்மைக் காக்கும். ஈரத்தில் வழுக்காமல் கிளம்ப நான்கு சக்கர விசை உதவும், உண்மைதான். பிரேக் போடும்போது அது தூரத்தைக் குறைக்காது. அங்கே டயரின் பிடிப்புதான் உயிரைக் காப்பது. இதைப் பலர் நம்புவதில்லை என்பதே என் கவலை. நான்கு டயர்களின் தேய்மானமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையேல் விசை பிரிக்கும் பாகம் கெடும். ஸ்டெப்னி உண்டா என்பதைக் காரை வாங்கக் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.