எரிவாயு ரசீதும் ஒரு மனிதனும்

வங்கிக் கணக்கு தொடங்குவதெல்லாம் ஒரு விஷயமா, அதற்கு இலக்கியப் பக்கத்தில் இடம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறோம். நம் புலம்பெயர் எழுத்தில் பனி வேண்டிய அளவு பெய்துவிட்டது. ஊர்க் கிணறும் முற்றத்து வேம்பும் போதும் போதும் என்னும்படி நினைவுகூரப்பட்டுவிட்டன. ஆனால் லண்டனில் வந்திறங்கும் ஒருவன் தன் முதல் மாதத்தில் தலைகுனிந்து நிற்பது பனியில் அல்ல. வங்கியில், ஒரு மேசைக்கு முன்னால். அந்த மேசையைப் பற்றி நினைவில் நிற்கும்படியான ஒரு சிறுகதைகூட நம் வாசிப்பில் எதிர்ப்படவில்லை.

அங்கே அவனிடம் கேட்கப்படுவது பணமல்ல, முகவரிச் சான்று. எரிவாயுக் கட்டண ரசீது, மின்கட்டண ரசீது, உள்ளாட்சி வரிக் கடிதம், இல்லையென்றால் இன்னொரு வங்கியின் கணக்கறிக்கை. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். கணக்கு இல்லாதவன் கணக்கு தொடங்க, கணக்கு வைத்திருப்பவனாக இருக்க வேண்டும்! அவன் குடியிருப்பதோ நான்கு பேர் பங்கிட்டுக்கொண்ட வீட்டின் ஓர் அறையில். ரசீதுகள் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில். சொந்தமாக ஓர் இடம் பிடிக்கலாமென்றால் வாடகையை வங்கி வழியாகத் தரச் சொல்கிறார்கள். வேலைக்குப் போனால் சம்பளம் கணக்கில்தான் விழும் என்கிறார்கள். முகவரிக்குக் கணக்கு, கணக்குக்கு முகவரி. செக்குமாட்டுக்காவது சுற்றி முடித்தால் எண்ணெய் கிடைத்த திருப்தி அதன் எஜமானனுக்கு உண்டு.

‘சட்டம் அப்படி, நாமும் இதையெல்லாம் கடந்துதானே வந்தோம்’ என்று நமக்கு முன்னே வந்து நிலைபெற்றவர்கள் சொல்கிறார்கள். முதல் பாதி உண்மையல்ல. பிரிட்டனின் 2017ஆம் ஆண்டுக் கறுப்புப் பணத் தடுப்பு விதிகள், வாடிக்கையாளர் யாரென்று நம்பகமான, சார்பற்ற ஆதாரத்தைக் கொண்டு உறுதிசெய்யச் சொல்கின்றன. இன்ன ரசீதைத்தான் வாங்க வேண்டும் என்று அவை கட்டளையிடவில்லை. ரசீதைத் தேர்ந்தெடுத்தது வங்கி. தன் வசதிக்காகத் தேர்ந்தெடுத்தது. கைப்பேசி வழியாக மட்டும் இயங்கும் புதிய வங்கிகள் பல, கடவுச்சீட்டின் படத்தையும் முகத்தின் சிறு காணொளியையும் கொண்டு கணக்கு தொடங்கித் தருகின்றன. அவையும் அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவைதாம். ஆகவே, ‘சட்டம் அனுமதிக்கவில்லை’ என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதிலை நாம் இனி மரியாதையுடன் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கறுப்புப் பணத்தைத் தடுக்கவே இவ்வளவும் என்கிறார்கள். மெக்சிக்கோ போதைக் கும்பல்களின் பணம் தன் வழியே சென்றதைத் தடுக்கத் தவறியதற்காக எச்.எஸ்.பி.சி. வங்கி 2012இல் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் கட்டியது. டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007க்கும் 2015க்கும் இடையில் சுமார் 20,000 கோடி யூரோ பாய்ந்தது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியதென்று பின்னர் அந்த வங்கியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்தப் பணத்தின் சொந்தக்காரர்களிடம் ஆவணங்களுக்கு எந்தக் குறையும் இருந்திருக்காது. கடையில் பெட்டி அடுக்கிய கூலியைப் போட்டுவைக்க வருபவனிடம்தான் காகிதம் இல்லை.

உண்மையில் இது பணத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. பிரிட்டனின் 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், நாட்டில் தங்க அனுமதியற்றவர்களுக்கு நடப்புக் கணக்கு தொடங்குவதை வங்கிகளுக்குத் தடைசெய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி போய், ஏற்கெனவே உள்ள கணக்குகளையும் சோதிக்கச் சொன்னது. 2018 ஜனவரியில் ஏழு கோடிக் கணக்குகளைக் காலாண்டுக்கொருமுறை சலித்துப் பார்க்கும் வேலை தொடங்கியது. பல பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்த கரீபிய முதியவர்களை அந்நியர்களாக்கிய விண்ட்ரஷ் விவகாரம் அதே ஆண்டில் வெடித்ததும் அது நிறுத்தப்பட்டது. 2023இல் திரும்பவும் உயிர் பெற்றது. எல்லைக் காவலருக்குத் தரவேண்டிய சீருடையை வங்கி எழுத்தருக்கு அணிவித்துவிட்டார்கள். பாவம், அவரும் மாதச் சம்பளக்காரர். சந்தேகம் வந்தால் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவதே அவருக்குப் பாதுகாப்பு.

தமிழனுக்கு இதில் தனிச் சிறப்பாக ஒரு வதை உண்டு: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து உண்டு. கடவுச்சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கும், அல்லது தகப்பன் பெயர் முழுதாக அதில் ஏறியிருக்கும். சம்பளக் கடிதத்தில் முதலெழுத்து மட்டும். கணினி இரண்டும் ஒருவரல்ல என்று தீர்ப்பளிக்கும். செத்துப்போன தகப்பனின் பெயரால் மகனை ‘மிஸ்டர்’ போட்டு விளித்துக் கடிதம் வரும். சாதிப் பெயரை வாலாக ஒட்டிக்கொள்ள மறுத்து நாம் அடைந்த ஒரு நாகரிகம், அயலூர்ப் படிவத்தில் ஒரு பிழையாகப் பதிவாகிறது. இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். சிரிப்பதற்குரிய விஷயமா என்பதில் நமக்கு ஐயம்.

கணக்கில்லாதவன் என்ன செய்கிறான்? இன்னொருவன் கணக்கில் தன் சம்பளத்தை விழச் செய்கிறான். அந்த இன்னொருவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். அல்லது கையில் காசாகத் தரும் முதலாளியிடம் போகிறான். அந்த முதலாளி குறைத்துத் தருவான். கேட்க ஆதாரம் இராது. வீட்டுக்குப் பணம் அனுப்ப உண்டியல்காரர். ஈழத்தவரிடையே உண்டியல் என்றால் கோயிலில் இருப்பதல்ல, நம்பிக்கையின் பேரில் நாடு கடக்கும் பணம். அவர் ரசீது கேட்பதில்லை. எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்பார். வாடிக்கையாளரை அறிதல் என்று வங்கிகள் பெயர்சூட்டியிருக்கும் சடங்கைவிட அந்த இரண்டு கேள்விகளில் அறிதல் அதிகம். இதனால் உண்டியலைப் புனிதமாக்குகிறோம் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். ஆள் காணாமல் போனால் முறையிட இடமில்லை; சீட்டுப் பிடித்து ஓடியவர்களையும் நாம் அறிவோம். அந்த வாசலுக்கு அவனைத் தள்ளியது எது என்பதே நம் கேள்வி.

வேறு வழியே இல்லை என்பதும் பொய். பிரான்சில் 1984 முதல் கணக்கு என்பது சட்ட உரிமை. ஒரு வங்கி மறுத்தால் மறுப்புக் கடிதத்தோடு மத்திய வங்கியிடம் போகலாம், அது ஒரு வங்கியை நியமித்துக் கணக்கைத் திறக்கச் செய்யும். கனடா 2003இல் செய்த விதிப்படி, வேலை இல்லை, முன்வைப்புப் பணம் இல்லை என்பவை மறுப்பதற்குக் காரணங்களாகா. பிரிட்டனிலும் 2016 முதல் பெரிய வங்கிகள் அடிப்படைக் கணக்கு தந்தாக வேண்டும். அதைக் கேட்டுப் பெறலாம் என்று வருபவனுக்குச் சொல்வார் யாருமில்லை. நம் சங்கங்கள் ஆண்டுவிழா மேடைக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு மாலைப்பொழுதை இதற்குத் தரலாம்.

அதற்கு முன் இன்னொன்று. குடியிருப்பதற்கான ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் பல வங்கிகள் ஏற்றுக்கொள்கின்றன. அதை எழுதித்தர மறுக்கும் வீட்டுக்காரர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அந்த வாடகை அவர்களுடைய வரிக்கணக்கில் இல்லை.