அஸ்வெசுமவுக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனையா?

"தூள் அடிக்கிறவன் வீட்டுக்கு அரசாங்கக் காசு எதற்கு?" பள்ளிவாசல் முன்றிலிலும் தேநீர்க் கடையிலும் எளிதாக எழக்கூடிய கேள்வி இது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோர ஊர்களின் பெயர் ஐஸ், ஹெரோயின், கேரளக் கஞ்சாக் கைதுகளோடு செய்திகளில் அடிபடுகிறது. பெற்றோரின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் காட்டும் வழி, அதாவது அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கு விண்ணப்பிப்பவரைப் போதைப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்பது, ஏற்கெனவே ஓரிடத்தில் செய்து பார்க்கப்பட்ட ஒன்று.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2011 ஜூலை முதல் அதைச் சட்டமாக நடைமுறைப்படுத்தியது. பண உதவி கேட்டு வரும் ஏழைகள் தங்கள் செலவிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேறியவர்களுக்கு மாநிலம் அந்தச் செலவைத் திருப்பித் தரும். நான்கு மாதம் போவதற்குள் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதற்கிடையில் பரிசோதிக்கப்பட்டவர்கள் 4,086 பேர். அகப்பட்டவர்கள் 108 பேர், நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலானோர் கஞ்சா புகைத்தவர்கள். தேறியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 1,18,000 டொலரைத் தாண்டியது. மிச்சம் பிடித்ததோ அதைவிடக் குறைவு. சந்தேகத்துக்கு எந்த முகாந்திரமும் இல்லாமல் ஒருவரின் உடலைச் சோதிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. இதே யோசனையை அவுஸ்திரேலியா 2017இல் கையிலெடுத்தது. அது செனட் சபையைத் தாண்டவே இல்லை.

பரிசோதனையின் இயல்பிலேயே ஒரு கோணல் இருக்கிறது. ஐஸின் தடயம் சிறுநீரில் சில நாட்களில் மறைந்துவிடும். தொடர்ந்து புகைத்தவருடைய கஞ்சாத் தடயமோ வாரக் கணக்கில் தங்கும். சாராயத்தை இந்தச் சோதனைகள் பெரும்பாலும் தேடுவதே இல்லை. ஆக, ஊர் எதற்கு அதிகம் அஞ்சுகிறதோ அதுதான் வலையிலிருந்து முதலில் நழுவும். திகதியை முன்கூட்டியே அறிந்தவர் நாலு நாள் வாயைக் கட்டினால் போதும்.

உதவி யாருக்கு என்று வடிகட்டுவது நமக்கும் புதிதல்ல; இலங்கையில் உணவு உதவிக்கு வரம்பு போட்ட கதை நீளமானது. 1942இல் போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு நெடுங்காலம் ஏறத்தாழ எல்லோருக்கும் கிடைத்தது. 1978இல் அது மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு என்று சுருங்கி, 1979 செப்டெம்பரில் உணவு முத்திரையாக மாறியது. வருமானத்தை மக்களே சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளி போலச் சம்பளச் சீட்டு உள்ளவர் மறைக்க வழியில்லை. மற்றவர் சொன்னதுதான் கணக்கு. விலைவாசி ஏறியபோதும் முத்திரையின் பெறுமதி ஏறாததால் உண்மையிலேயே பசித்தவரின் பங்கும் கரைந்தது. ஜனசவிய, சமுர்த்தி என்று பெயர்கள் மாறி, 2023 ஜூலை முதல் அஸ்வெசும வந்தது.

அஸ்வெசுமவுக்குத் தகுதியானவரைத் தெரிவுசெய்யக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள். மின்பாவனை முதல் வீட்டின் நிலை வரை எல்லாவற்றுக்கும் புள்ளி. கொழும்பில் இருந்து பார்க்கும்போது நேர்த்தியான ஏற்பாடுதான்.

அதைச் சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமத்துக்கோ மருதமுனை மேட்டுவட்டை வீட்டுத் திட்டத்துக்கோ கொண்டுவந்தால் என்ன ஆகும்? 2004 சுனாமியில் எல்லாம் இழந்தவர்களுக்குக் கிடைத்த கல்வீடுகள் அவை. சுவர் சீமெந்து. உள்ளே இருப்பவர் தோணி போகாத நாளில் உழைப்பில்லாத மீனவராகவோ, நூல் விலை ஏறித் தறியை நிறுத்திய நெசவாளியாகவோ இருக்கலாம். பேரழிவு தந்த வீடு, படிவத்தில் வசதியின் அடையாளமாகிவிடும். வெளிநாட்டில் வாப்பா உழைத்த காலத்தில் பதித்த தரை ஓடும் அப்படித்தான்.

2023இல் முதற்பட்டியல் வெளியானபோது தகுதியற்றவர் இடம்பெற்றிருக்கிறார் என்று ஆட்சேபிக்கவும் இடம் கொடுக்கப்பட்டது. அப்படி வந்த ஆட்சேபனைகள் சுமார் 17,000. தங்களுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தது போதவில்லை என்று வந்த மேன்முறையீடுகள் ஒன்பது இலட்சத்துக்கு மேல். ஆட்சேபனைகள் இவ்வளவு குறைந்ததற்கு அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பிரதேச செயலகங்களின் முன் நின்ற வரிசையின் காரணம் விளங்கும். இந்த வடிகட்டிக்கு மேல் இன்னொரு வடிகட்டி போடச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

இருந்தாலும் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. 2025 ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா. அது விழும் வங்கிக் கணக்கு போதைக்கு அடிமையான வாப்பாவின் பெயரில் இருந்தால் பிள்ளைகளின் பானைக்கு அது வந்து சேருமா? உம்மாமாரின் இந்தக் கவலைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை விடை அல்ல. தோற்றவருக்குப் பணத்தை நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது அந்தப் பிள்ளைகளே. அவ்வளவு கடுமை காட்டிய புளோரிடாச் சட்டமே, பெற்றோர் தோற்றாலும் பிள்ளைக்குரிய பணத்தைப் பொறுப்பான வேறொருவர் கையில் கொடுக்கச் சொன்னது.

இந்தக் கரையோரத்துக்கு அது புதிதாகவும் இராது. இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பொருளை நிர்வகிக்கத் தகுதியற்றவருக்குரிய ஸகாத்தை அவர் சார்பில் பொறுப்பாளர் பெற்றுக்கொள்ளும் வழி இருக்கிறது. பங்கு பறிபோவதில்லை, வாங்கும் கைதான் மாறுகிறது.

அஸ்வெசுமவை நிர்வகிக்கும் நலன்புரி நன்மைகள் சபை செய்யக்கூடியதும் அதுவே. மனைவியோ தாயோ கேட்டால், கிராம உத்தியோகத்தரும் குடும்பநல மருத்துவிச்சியும் உறுதிப்படுத்தியதும் கொடுப்பனவை அவருடைய கணக்குக்கு மாற்றலாம். அந்த விண்ணப்பம் பொலிஸின் பார்வைக்குப் போகக் கூடாது. போகும் என்று தெரிந்தால் எந்தப் பெண்ணும் எழுத மாட்டாள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸார் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாகக் கைதானதைக் கண்ட வீடுகள் இவை. சிகிச்சை என்றதும் பொலன்னறுவைப் பக்கத்துக் கந்தக்காடு புனர்வாழ்வு முகாம்தான் இங்கே பலருக்கு நினைவுக்கு வரும்; 2022இல் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய இடம் அது. பரிசோதனைக் கருவிகளுக்குச் செலவிட நினைக்கும் பணத்தில், கல்முனை ஆதார வைத்தியசாலைகளில் போதையிலிருந்து மீள விரும்புபவர் தானாகவே வந்து போகக்கூடிய சிகிச்சையை வலுப்படுத்தலாம். அங்கே வருபவரின் அஸ்வெசும நிற்காது என்பதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.